மஞ்சள் துணி கட்டிய கினிக்கோழி

காலை ஏழு மணிக்குக் கவிதா தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயேங்க" என்றாள். வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனிகளில் செக்கிங் மேசையருகே நின்றே காலம் கழித்த அவள் அம்மா செல்வமணியை உங்களில் பலருக்குத் தெரியும். விட்டுப்போன தையலைப் பார்க்காமலே விரலால் தடவிக் கண்டுபிடிப்பவர் என்று சொல்வீர்கள். நான் சொல்லப்போவது அவருடைய வேறொரு வெற்றியை. அதை நேரில் பார்த்தவர்களில் இப்போது மிச்சமிருப்பது நான்தான்.

எண்பதுகளின் பிற்பகுதியில் பத்திரிகை நிருபனான நானும் அவரும் ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்துக் குடியிருந்தோம். பின்னால் வேலியடைத்த காலியிடம். அங்கே வீட்டுக்காரர் பழனியப்பனின் நாட்டுக்கோழிகளும் செல்வமணியின் ஆறு கினிக்கோழிகளும் மேய்ந்தன. பாம்புக்குப் பயந்து பொங்கலூரிலிருந்து அவர் வாங்கி வந்தவை அவை. ஒருநாள் அவை கத்திய கத்தலில் எல்லோரும் பின்பக்கம் ஓடினோம். கைக்குழந்தை கவிதா தூங்கிய தூளிக்கு நாலடி தள்ளி ஒரு கண்ணாடி விரியன். ஆறும் அதை வளைத்து நின்றிருந்தன. அதன்பிறகுதான் செல்வமணி குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நிம்மதியாக ஷிப்டுக்குப் போனார்.

ஆனால் அவற்றால் கோழிகளுக்கு நிம்மதி இல்லை. தீவனம் போட்டால் ஒன்றையும் அண்ட விடமாட்டா. கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, முருகன் கோவிலுக்கு விடுவதாகப் பழனியப்பன் நேர்ந்திருந்த செஞ்சேவல் வாலே இல்லாமல் வந்து நின்றது. இறகெல்லாம் வேலியோரம் கிடந்தது. குறையுள்ள சேவலைக் கோவிலுக்கு விட முடியாது.

"தைப்பூசத்துக்குள்ள வாலு முளைக்கோணும் செல்வமணி. இல்லீன்னா ஆறையும் குழம்பு வெச்சுப்போடுவேன், சொல்லிப்போட்டேன்" என்றார் பழனியப்பன்.

"புடுங்குன றெக்கை முளைக்குமுங்க ஐயா. ஒடிஞ்சாத்தான் வம்பு."

"முளைச்சதை மறுபடியும் புடுங்குனா?"

அன்று மாலை செல்வமணி என்னிடம் சொன்னார்: "ஏனுங்க பேப்பர்காரரே, அதுக போயிட்டா நான் புள்ளைய உட்டுட்டு எப்படிங்க கம்பெனிக்குப் போறது?"

மூன்றை விற்றுவிடலாமே என்றேன். "எந்த மூணைங்க? எந்தப் பீஸ்ல குத்தம்னு பாக்காம மொத்த லாட்டையே தள்ளக் கூடாதுங்க" என்றார்.

ஆறும் ஒரே புள்ளி, ஒரே சாம்பல் நிறம். அடையாளம் வேண்டும். அந்த வாரம் கம்பெனியில் ஓடியது முழுக்கச் சிவப்பு. கட்டிங் வேஸ்டில் கிழித்த சிவப்புத் துணியை ஆறின் காலிலும் கட்டி, ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு என்று பிரித்து வைத்தார். சிவப்பைக் கண்டால் காயம் என்று கொத்துவது கோழியின் குணம். பத்து நிமிடத்தில் கோழிகள் அத்தனையும் கினிக்கோழிகளின் காலைத் துரத்தின. கினிக்கோழிகள் திருப்பி அடித்தன. புழுதியில் எது எதை அடிக்கிறது என்றே தெரியவில்லை.

"வெள்ளைக்கொடி கட்டியிருக்கலாம்" என்றேன்.

"சிரிங்க, சிரிங்க. நாளைக்கு வேற கலருங்க."

மறுநாள் வெள்ளை, கறுப்பு, பச்சை, நீலம், சாம்பல், மஞ்சள் என்று ஆறு நிறத் துணி பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து வந்தது. சிவப்பு மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தீவனம் போட்டதும் செக்கிங் சீட்டோடு வாசற்படியில் உட்கார்ந்தார். ஒவ்வொரு கொத்துக்கும் அந்தந்த நிறத்தின் கீழ் ஒரு கோடு. மதியம் சீட்டை என்னிடம் நீட்டினார். மஞ்சளின் கீழ் இடமே இல்லை. மற்ற ஐந்தும் அது ஓடினால் பின்னால் ஓடின, அது நின்றால் நின்றன. மஞ்சள் ஒரு சேவல். பெட்டைபோல இரட்டைக் குரலில் கத்தாது, ஒற்றைக் குரலில் மட்டும் கத்தும்.

அதைக் கொல்லவில்லை, விற்கவும் இல்லை. மூங்கில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மற்ற பறவைகளின் கண்ணெதிரிலேயே இரண்டு வாரம் அடைத்துவைத்தார். தீவனத்தை இரண்டு இடங்களில் போட்டார். கினிக்கோழிகள் அடைய வேப்பமரத்தின் கவட்டையில் உயரமாக ஒரு மூங்கிலைக் கட்டினார். திறந்துவிட்ட அன்று மஞ்சள் நேராகச் செஞ்சேவல் மேல் பாய்ந்தது. திரும்பிப் பார்த்தது. பின்னால் ஒன்றும் வரவில்லை. ஐந்தும் மேய்ந்துகொண்டிருந்தன. செஞ்சேவல் அதைக் காலியிடம் முழுக்க ஒரு சுற்றுத் துரத்தியது. செல்வமணி கைதட்டிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பூசத்தன்று பழனியப்பன் சேவலைக் கையில் ஏந்தி, தெருவே பார்க்கும்படி நடந்து போனார். வால் வளைந்து அவர் முழங்கையைத் தொட்டது. திரும்பி வந்தவர் செல்வமணியின் வாசலுக்கு வந்தார்.

"நம்ம தோட்டத்துக்கு இதுல ஒரு ஜோடி வேணுமே செல்வமணி."

"தாராளமாங்க ஐயா. மஞ்சளையே புடிச்சுக்கறீங்களா?"

"அது உங்கூட்டுலயே இருக்கட்டும் தாயி."

ஒரு ஜோடி குஞ்சு அடுத்த ஆண்டு அவர் தோட்டத்துக்குப் போனது. ஆறும் இங்கேயே இருந்தன. கவிதா நடை பழகியது அவற்றுக்கு நடுவேதான். செல்வமணி ஒரு ஷிப்டைக்கூட விடவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஞாயிற்றுக்கிழமையின் பொறுமையை. பிறகு எத்தனையோ கம்பெனி வாசல்களில் தகராறுகளைப் பார்த்து எழுதினேன். கல் எறிந்தவர் யார், பின்னால் ஓடியவர் யார், சும்மா நின்றவர் யார் என்று தெரியும்வரை "தொழிலாளர்கள்" என்று மொத்தமாக ஒரு வரிகூட எழுதியதில்லை.