விதைக்குத் தெரிந்த வித்தை

பணிமனையில் அவருக்குப் பெயர் பீப்பாய். பேருந்து ஓட்டுநர். வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கும் என்று இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டுத்தான் ஓட்டுவார். உணவுக்குழாயில் கட்டி வந்து சோறு இறங்காமல் போனபோதும், வயிற்றைத் தட்டிக்காட்டி, "ஏன் பயப்படறே? சேமிப்பு நிறைய இருக்கு" என்று மனைவியிடம் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. விதைப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. விதைகளை ஈரத்தாளில் அடுக்கிச் சுருட்டி வைத்து, முளைக்கிறதா என்று பார்ப்பாள். ஒருநாள், பார்த்து முடித்த சூரியகாந்திச் சுருள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் மடியில் விரித்தாள். வெள்ளை வெளேரென்று வேர்கள் நீண்டிருந்தன.

"மண்ணு இல்ல, உரம் இல்ல. எதைத் தின்னு இவ்வளவு வளந்துச்சு?"

"உள்ளே இருக்கற எண்ணெயைத்தாங்க. அதை உடைச்சு, சர்க்கரையா மாத்தி, வேருக்கும் தண்டுக்கும் அனுப்பும். இலை விரிஞ்சு வெயில் பட்டுட்டா, அப்புறம் சொந்தச் சமையல்."

"அப்போ நானும் விதைதான்னு சொல்லு."

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நம்ம உடம்புக்குக் கொழுப்பை எரிக்கத் தெரியும். விதை மாதிரி சர்க்கரையா மாத்த அவ்வளவா தெரியாதுங்க. சர்க்கரை வேணும்னா தசையைத்தான் கரைக்கும்."

அவர் தொளதொளத்த கையை நீட்டிப் பார்த்தார். "அதான் இது இப்படி ஆயிடுச்சா?" ஏன் சொன்னோம் என்று அவள் சமையலறையில் மருகினாள்.

மறுநாள் பணிமனைக்குப் போயே தீரவேண்டும் என்று அடம்பிடித்தார். அவருடைய நடத்துநர் தோள்கொடுத்து வண்டியில் ஏற்றிவிட்டார். நின்றிருந்த பேருந்தின் ஸ்டியரிங்கை இவர் இரண்டு கைகளாலும் இழுத்தார். அசையவில்லை. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"நான் இளைச்சதை எல்லாம் வண்டி போட்டுக்கிச்சுடா" என்றார். சிரிக்கப் போன நடத்துநர் அழுதுவிட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார். தூக்கியவர்களுக்குப் பாரமே தெரியவில்லை.

அவள் வேலைக்குத் திரும்பிய காலை, அவர் ஓட்டிய தடத்துப் பேருந்தே வந்து நின்றது. ஓட்டுநர் புதியவர். நடத்துநர் அவளைக் கண்டதும், "அண்ணி, முன்னாடி வாங்க" என்று இடம்பிடித்துக் கொடுத்தார். கடைத்தெரு போயிற்று, பாலம் போயிற்று. பரிசோதனைக் கூடத்து வாசலில் விசில் ஊதினார். அவள் எழவில்லை.

"அண்ணி, உங்க ஸ்டாப்பு."

"தெரியும்ப்பா. இன்னிக்குக் கடைசி வரைக்கும் வரேன்."