மாவில் வைத்த கால்

பம்மலைத் தாண்டும்வரை மகள் ஒன்றும் கேட்கவில்லை. என் தோளில் துணிமூட்டை, ஒரு கையில் ஸ்டவ். இன்னொரு கையை அவள் பிடித்திருந்தாள். பொழிச்சலூரில் நான்கு மாதம் இருந்த வீட்டை விட்டு வந்துகொண்டிருந்தோம். பல்லாவரம் போய் ரயில் பிடிக்க வேண்டும்.

அது எங்கள் வீடு இல்லை. கீழே வீட்டுக்காரர்கள் குடியிருந்தார்கள். மேலே மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். சிமெண்ட் மூட்டைக்குக் காவல் இருப்பதும் பூச்சுக்குத் தண்ணீர் அடிப்பதும் என் வேலை. கட்டி முடியாத அறையில் நானும் மகளும் படுத்துக்கொள்வோம். மனைவி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். மகளுக்கு ஐந்து வயது. எட்டாவதோடு பள்ளியை விட்டுப் பல ஊர் சுற்றியவன் நான். எந்த ஊரிலும் இரண்டு வாரத்தில் என் சாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு மூன்று வருடமாவது இந்த விஷயம் அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு அப்போது இல்லை.

வீட்டுக்கார அக்கா நல்லவர்தான். மகள் பகலெல்லாம் அவர்கள் கூடத்தில்தான் டிவி பார்ப்பாள். கிருஷ்ண ஜெயந்தி அன்று சாயங்காலம் அக்கா மாடிப்படியில் நின்று கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, பாப்பாவை அனுப்பு. எனக்கு முட்டி வலி, குனிஞ்சு கால் போட முடியல. நம்ம வீட்ல வேற சின்னப் பசங்க ஏது? இவளே கிருஷ்ணரா வந்துட்டுப் போகட்டும்."

வழக்கமாகக் கையை மடக்கி அரிசி மாவில் தோய்த்துத் தரையில் பதித்து, விரலால் பொட்டு வைத்துக் குழந்தைக் கால் போலப் போடுவார்கள். இங்கே நிஜக் காலே கிடைத்துவிட்டது. தட்டில் கரைத்த மாவில் காலை வைத்து வைத்து, கேட்டிலிருந்து வாசல்படி நோக்கி மகள் நடந்தாள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் கேட்டருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பண்டிகைக்கு வந்திருந்த அக்காவின் நாத்தனார் படியில் உட்கார்ந்து அவளைக் கொஞ்சினார்.

"கிருஷ்ணா, வெண்ணெய் வேணுமா உனக்கு? ஊர்ல யார்லாம் இருக்காங்க?"

"தாத்தா. தாத்தா மேளம் அடிப்பாரு."

"அட! கோயில்லயா?"

"இல்ல ஆன்ட்டி, யாராவது செத்துட்டா. ஆடிகினே அடிப்பாரு. எங்க தாத்தாதான் ஃபர்ஸ்ட்ல போவாரு. இப்படி." வயிற்றில் தட்டி ஆடியும் காட்டினாள்.

நாத்தனார் எழுந்துவிட்டார். "அண்ணி, கொஞ்சம் உள்ள வாங்க."

ஒரு காலை மாவில் வைத்தபடியே மகள் நின்றாள். அக்கா திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதப்பா. சாமி விஷயம். அவங்க ஒரு மாதிரி. பைப்பைப் போட்டு இங்க கொஞ்சம் தண்ணி அடிச்சு விட்டுடு, நான் கையாலயே போட்டுக்கறேன். நீங்க மேல எப்பவும் போல இருங்க. பாப்பா மட்டும் கீழ வர வேணாம்."

நான் அடித்தேன். இதை எழுதாமல்தான் இத்தனை நாள் கடத்தினேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். தினமும் சுவருக்கு அடிப்பது போலவே அடித்தேன். பாதி காய்ந்த மாவு, விரல் பக்கம்தான் முதலில் கரைந்தது. மகள் ஓரமாக நின்று ஒவ்வொரு காலும் போவதைப் பார்த்தாள்.

மூட்டை கட்டியதில் ரோஷம் எதுவும் இல்லை. மறுநாள் அவள் டிவி பார்க்க இறங்கினால் என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

பல்லாவரம் மேம்பாலம் தெரிந்தபோது கேட்டாள்.

"தாத்தாவைப் பத்தி சொன்னதுதான் தப்பாப்பா?"

"இல்லடா."

"அப்ப ஏன் தண்ணி ஊத்தின?"

ஸ்டவ்வைக் கீழே வைத்து, மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

அன்றிரவு கூடுவாஞ்சேரியில் தெரிந்தவர் ஒருவர் அறையில் படுத்தோம். காலையில் புது மனைப்பிரிவு ஒன்றில் ஆள் எடுத்தார்கள். மேஸ்திரி கலகலப்பான ஆள். என் பக்கத்தில் நின்ற மகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

"இன்னா பாப்பா, அப்பனுக்குக் காவலா கூட வந்துகீறியா? ஊர்ல தாத்தா, ஆயால்லாம் கீறாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "தாத்தா செத்துட்டாரு," என்றாள்.

முந்தின வாரம்தான் போனில் அவரோடு வாய் ஓயாமல் பேசியிருந்தாள். நான் திருத்தவில்லை. மேஸ்திரி உச்சுக் கொட்டிவிட்டு ஒரு லாரியைக் காட்டினார். செங்கல் இறக்குகிற வேலை. துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.