மிளகாய் சுற்றிய தாள்

"எழுத்து வடிவாத்தான் இருக்கு, பிள்ளை. ஆனால் வண்டி மாடு படுத்த கதையை ஆர் இலக்கியம் எண்டு சொல்லுவினம்?"

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தமிழ் சொல்லித்தந்த யாழ்ப்பாணத்து ஆசிரியை இப்படிச் சொல்லித்தான் நான் கதை எழுதிக் கொடுத்த கொப்பியைத் திருப்பித் தந்தார். கோபமாகச் சொல்லவில்லை. இலக்கியம் என்றால் பாட்டாக இருக்க வேண்டும், வசனமாக இருந்தால் ஒரு நீதியாவது இருக்க வேண்டும் என்று விளக்கினார். என் கதையில் இரண்டும் இல்லை. வெலிமடையிலிருந்து காய்கறி ஏற்றி வந்த வண்டியின் இடது மாடு, மழையில் ஒரு வளைவில் படுத்துவிடுகிறது. வண்டிக்காரர் ஏசுகிறார், கெஞ்சுகிறார். கடைசியில் தன் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து மாட்டுக்குப் போர்த்திவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். நான் கண்ணால் கண்டது.

கொழும்பில் அச்சாகும் ஒரு பத்திரிகைக்கு அதை அனுப்ப ஆசைப்பட்டிருந்தேன். ஆசிரியை நல்லது என்றால் அனுப்புவது, இல்லையென்றால் விட்டுவிடுவது என்று மனத்துக்குள் முடிவு செய்திருந்தேன். விட்டுவிட்டேன். கொப்பியைக் கடையின் பின்னறை மாடத்தில் போட்டேன்.

எங்கள் கடை பதுளைக் கடைத்தெருவில் இருக்கிறது. வாப்பாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாது. குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன். சாமான் சுற்றுவதற்குப் பழைய தாள் வாங்கி வைப்போம். அறபு எழுத்துள்ள தாள் அகப்பட்டால் வாப்பா அதைக் கண்ணில் ஒற்றி மேல் தட்டில் வைத்துவிடுவார். மற்ற எழுத்தெல்லாம் அவருக்கு ஒன்றுதான். எழுதியாயிற்று என்றால் அந்தத் தாளின் வேலை முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்துச் சனம் கடை நிறைய நின்ற நேரத்தில் சுற்றும் தாள் தீர்ந்துபோயிற்று. மாலையில் பார்த்தால் என் கொப்பி மெலிந்து கிடந்தது. எழுதின பக்கம் ஒன்றும் இல்லை.

"வெறுந்தாள் ஒண்டையும் தொடல்ல, மகள்," என்றார் வாப்பா பெருமையாக. "எல்லாம் ஒனக்குத்தான் வெச்சீக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இலக்கியம் இல்லாவிட்டாலும் மிளகாய்க்காவது உதவிற்றே என்று உம்மாவிடம் சொன்னேன். உம்மா சிரிக்கவில்லை. நான் அந்தக் கதையை எழுதிய நாட்களில் அடுப்புப் பக்கமே வராததை அவர் மறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கொழுந்து பறிப்பவர், வழக்கமாக எங்களிடம் சாமான் வாங்குபவர். நான் பின்னறைத் திரைக்கு உள்ளே நின்றேன். போன தடவை மிளகாய் சுற்றித் தந்த தாளுக்கு அடுத்த தாள் எங்கே என்று கேட்டார். மிளகாயில் ஏதோ குறை என்று நினைத்து வாப்பா தராசைத் தொட்டுச் சத்தியம் செய்யப் போனார்.

"மொளகா நல்லாத்தாங்க இருக்கு. அந்த மாடு எந்திரிச்சிச்சா இல்லையா, அதச் சொல்லுங்க."

என் கதையின் முதல் இரண்டு தாளும் அவருடைய மிளகாயோடு போயிருந்தன. அவர்கள் குடியிருக்கும் வரிசை வீட்டு லயத்தில் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் வாசித்துக் காட்ட, மறுநாளும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்களாம். பிறகு மலையில் கொழுந்து பறிக்கும்போதெல்லாம் இதே பேச்சு. மாடு எழுந்திருக்கும் என்று பாதிப் பேர். வண்டிக்காரன் அதை விட்டுவிட்டு வேறு மாடு பார்க்கப் போயிருப்பான் என்று மீதிப் பேர். அப்படிச் சொன்ன மாமியாரோடு ஒரு மருமகள் பேச்சையே நிறுத்திவிட்டாளாம்.

நான் திரையை விலக்கிக்கொண்டு வந்து, எழுதினது நான்தான் என்றேன். மேலும் கீழும் பார்த்தார். மீதியை இப்போதே சொல்கிறேன் என்றேன்.

"வாயால வேணாம், தங்கச்சி. நான் அங்க போயி என் இஷ்டத்துக்கு மாத்திச் சொல்லிப்புடுவேன். 'மாடு கண்ணை மூடிக்கொண்டு மழையைக் கேட்டது'ன்னு எழுதியிருக்கீங்கல்ல? எங்க வீட்டுக்காரரு 'மாடு மழையில கெடந்துச்சு'ன்னு சொன்னாரு. அப்படி இல்ல, ஒழுங்காச் சொல்லுன்னு லயமே சண்டைக்குப் போயிருச்சு. எழுதினதையே குடுங்க."

எழுத்தறியாத அவர் வாயில் என் வாக்கியம் ஒரு சொல் பிசகாமல் வந்தது. ஆசிரியை கற்றவர்; பாட்டும் நீதியும் இருக்கட்டும். ஆனால் மிளகாய் தீர்ந்த பிறகும் அந்தத் தாள்களை மடித்து வைத்திருக்கிறார்கள். முன்பின் காணாத ஒரு மாட்டுக்காகச் சண்டை போடுகிறார்கள். வேறு சொல்லில் சொன்னால் ஒப்புக்கொள்வதில்லை. இலக்கியத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

பிரதி எடுக்க அந்தத் தாள்களைக் கேட்டேன். மடியிலிருந்து எடுத்துத் தந்தார்; ஆனால் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. நான் எழுதி முடிக்கும்வரை கடைவாசலிலேயே உட்கார்ந்திருந்தார். தாளெல்லாம் மிளகாய் நெடி. தும்மிக்கொண்டே எழுதினேன்.

மற்றப் பக்கங்கள் எந்தத் தோட்டத்துக்கு எதைச் சுற்றிக்கொண்டு போயினவோ. வாப்பா காப்பாற்றித் தந்த வெறுந்தாளில் முடிவைப் புதிதாக எழுதினேன். முன்பு எழுதியிருந்த முடிவில், மாடு எழும் இடத்தில் சூரியனை அரைப் பக்கம் வர்ணித்திருந்தேன். லயத்து வாசலில் கேட்டுக்கொண்டிருப்பவர்களை நினைத்துச் சூரியனை விட்டுவிட்டேன். மாடு எழுந்துவிட்டது, வண்டிக்காரர்தான் எழ மனமில்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார் என்று முடித்தேன். அடுத்த ஞாயிறு அந்தப் பெண் வந்து வாங்கிப் போனார். மாமியாரும் மருமகளும் இப்போது பேசிக்கொள்கிறார்களாம், வண்டிக்காரரைத் திட்டி.

முழுக் கதையின் ஒரு பிரதியை வாப்பா கேட்டு வாங்கி, மேல் தட்டுக்கு ஒரு தட்டுக் கீழே வைத்திருக்கிறார். இன்னொரு பிரதிக்குக் கொழும்பு முகவரி எழுதி, போன திங்கட்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனேன். முத்திரையை நானே ஒட்டினேன்.