மாற்றிப் போட்ட இரண்டு வரிகள்

என் மகள் குழந்தை மருத்துவர் ஆகவில்லை. ஆகியிருப்பாள். நடுவில் நான் இருந்தேன்.

எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. முப்பத்தோரு வருடம் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தேன், அதில் பத்தொன்பது வருடம் உசிலம்பட்டிப் பக்கம். கிணறு எண்ணியிருக்கிறேன். மாடு எண்ணியிருக்கிறேன். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்த சோளத்தை அறுத்து நிறுத்துப் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு யாரும் ஒன்றும் தரவில்லை என்பதால் நானாகவே எண்ணிக்கொண்டிருக்கிறேன். மதுரை செல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு காலடி. பக்கத்துக் கொட்டகையில் எட்டு விசைத்தறி, ஏழுதான் ஓடும்.

எனக்கு நாற்பத்திரண்டு வயதில் பிறந்த ஒரே மகள். அந்தத் தறிச் சத்தத்துக்குள்ளேயே காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்து எம்.பி.பி.எஸ். முடித்தாள். அதற்கு மேல் குழந்தை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கான நுழைவுத் தேர்வை மூன்று தடவை எழுதினாள். முதல் இரண்டு தடவையும் ரேங்க் போதவில்லை. மூன்றாவது தடவை ஓரளவு வந்தது. அந்த ரேங்கை வைத்துக்கொண்டு பார்த்தால், குழந்தை மருத்துவத்தில் அவளுக்கு எட்டக்கூடியதாக ஒரே ஒரு கல்லூரிதான் இருந்தது. மதுரையிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். அங்கே அந்தத் துறையில் நான்கு இடங்கள். போன வருடம் கடைசியாக அங்கே சேர்ந்தவரைவிட இவள் பதினோரு இடம் பின்னால் இருந்தாள். இந்தப் பதினொன்றை நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நினைத்தேன் என்பதை மட்டும் எண்ணவில்லை.

எந்தக் கல்லூரி, எந்தத் துறை வேண்டும் என்று வரிசையாக விருப்பப் பட்டியல் எழுதுவதற்கு முன்னால் அந்தத் துறையை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள்.

"மூணு வருசம் இருக்கப் போற எடம்ப்பா. பாக்காம எப்படி எழுதுறது?"

நானும் வாரேன் என்று கிளம்பினேன். அவள் கூப்பிடவில்லை. என் மனைவி வாசலில் நின்று சொன்னாள்: "மாப்பிள்ளை வீடு பாக்கப் போற மாதிரி வேட்டிய மாத்திக்கிட்டுக் கெளம்பிட்டாக. ஏங்க, அங்க போயிக் கட்டில எண்ணிக்கிட்டு நிக்காதீங்க. மாடு எண்ணுன புத்தி உங்களுக்கு."

கட்டிலைத்தான் எண்ணினேன். அந்தக் குழந்தைகள் வார்டில் நாற்பத்தாறு கட்டில், அறுபத்திரண்டு பிள்ளைகள். மின்விசிறி பதினெட்டு, ஓடுவது பதினாறு. வரிசையில் நின்ற தாய்மார்கள் ஐம்பத்தேழு. எல்லாவற்றையும் டைரியில் குறித்துக்கொண்டேன். இந்தத் துறை நல்ல துறையா என்று அந்த எண்கள் எனக்குச் சொல்லிவிடும் என்று நம்பினேன். இன்று அந்தப் பக்கத்தைப் புரட்டினால், நான் அங்கே எதற்குப் போனேன் என்றுகூட அது சொல்ல மாட்டேன் என்கிறது.

அவள் ஒன்றையும் எண்ணவில்லை. துறைத் தலைவர் அறைக்குப் போய் வணக்கம் போட்டுவிட்டு வா என்று நான் நச்சரித்தேன். "அவரு என்னப்பா சொல்வாரு, நல்ல துறைன்னுதான் சொல்வாரு" என்று நேரே கேண்டீனுக்குப் போனாள். அங்கே அதே துறையில் இரண்டாம் வருடம் படிக்கும் பையன் ஒருவன் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்து, தான் இன்னார் என்று சொல்லி, கேட்க ஆரம்பித்தாள். அவன் எங்கள் பக்கத்துப் பையன் என்பது வாயைத் திறந்ததுமே தெரிந்தது.

"எம்புட்டு வேணா கேளுங்க. ஆனா பத்து நிமிசம்தான். உள்ள நம்ம மாப்ள ஒருத்தன் தனியா மாட்டிக்கிட்டு இருக்கான்."

"சார் திட்டுவாரா?"

"காது கிழியத் திட்டுவாரு. ஆனா எப்பக் கூப்பிட்டாலும் போன எடுப்பாரு. திட்டவும் மாட்டாரு, போனும் எடுக்க மாட்டாருன்னு சில எடத்துல இருக்காக பாருங்க, அங்க மட்டும் போயிராதீங்க."

"பாதியில யாராச்சும் விட்டுட்டுப் போயிருக்காங்களா?"

"நான் வந்த பெறகு ஒருத்தர். அவருக்கு வேற துறை கெடச்சிருச்சு. இங்க முடியலன்னு யாரும் போகல."

"உங்க கையால எவ்வளவு செய்ய விடுறாங்க? நீங்க தப்புப் பண்ணினா பக்கத்துல யார் இருப்பா?"

இந்தக் கேள்விக்கு அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். பிறகு நிதானமாகப் பதில் சொன்னான். கடைசியில் என் பக்கம் திரும்பி, "அங்கிள், அக்கா நல்லாக் கேக்குறாங்க. நான் சேரும்போது ஹாஸ்டல்ல தண்ணி வருமான்னு மட்டும்தான் கேட்டேன்" என்றான்.

அவளுக்கு அத்தோடு திருப்தியில்லை. அதே கேள்விகளை வார்டில் ஒரு மூத்த செவிலியரிடம் வேறு விதமாகக் கேட்டாள். மூன்றாவதாக, முதல் வருடப் பெண் ஒருத்தியிடம், அவள் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று கேட்டாள். மூன்று பேர் சொன்னதும் ஒன்றாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "இங்கதான்ப்பா" என்றாள். அவ்வளவுதான். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிறகு மாற்ற முடியாதபடி பூட்டுவதற்குக் கடைசி நாள் மாலை ஐந்து மணி கெடு. அன்று பகலிலேயே பன்னிரண்டு வரிகள் எழுதி வைத்திருந்தாள். முதல் வரி அந்தக் குழந்தை மருத்துவம். இரண்டாவது வரி வேறொரு கல்லூரியில் மயக்கவியல், அதாவது அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும் துறை. அது அவளுக்கு நிச்சயம் கிடைக்கும். போன வருடக் கணக்கின்படி அதற்கு இவள் தொண்ணூறு இடம் முன்னால் இருந்தாள்.

நான் அந்தப் பட்டியலைப் பார்த்தேன். முதல் வரி அங்கே இருக்கக் கூடாது என்று பட்டது.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் துறையில் மாறுதல் கேட்கும்போது மூன்று ஊர் எழுதித் தர வேண்டும். ஒரு ஊரை முதல் விருப்பமாக எழுதியவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். இரண்டாவதாக எழுதியவனுக்கு மிச்சம் இருந்தால்தான். கல்யாணமான புதிதில் நான் முதலில் மதுரையையும் இரண்டாவதாகத் திருமங்கலத்தையும் எழுதினேன். மதுரை கிடைக்கவில்லை. திருமங்கலத்தை அதற்குள் என்னைவிட இளையவன் ஒருவன் முதல் விருப்பமாக எழுதி வாங்கிப் போய்விட்டான். நான் எழுதவே எழுதாத ஊரில் ஆறு வருடம் கிடந்தேன். அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டது, பிடித்ததை முதலில் எழுதாதே, கிடைப்பதை முதலில் எழுது என்பதுதான். அதற்குப் பிறகு நான்கு மாறுதல். நான்கிலும் நான் எழுதிய முதல் ஊரே கிடைத்தது. பக்கத்து மேசைக்காரர்களெல்லாம் என்னிடம் யோசனை கேட்டு எழுதினார்கள்.

"மேல இருக்க ரெண்டு வரியையும் மாத்திப் போடும்மா" என்றேன்.

"அப்பா, இது உங்க ஆபீஸ் மாதிரி இல்ல. ரேங்க் வரிசைப்படி என் முறை வரும். அப்ப என் லிஸ்ட்ட மேலருந்து பாக்கும். முதல்ல இருக்கது காலியா இருந்தா அது. இல்லன்னா அடுத்தது. எனக்குப் பின்னாடி இருக்கவங்க எதை முதல்ல எழுதினாலும் என்னுத எடுக்க முடியாது."

"இப்படித்தான் எங்களுக்கும் சொன்னாக."

"யாரு சொன்னா? அது ஆள் உக்காந்து பாத்தது. இது கம்ப்யூட்டர்ப்பா."

"கம்ப்யூட்டருக்கும் ஆள்தான சொல்லிக் குடுத்திருக்கான்?"

சமையலறையிலிருந்து மனைவி, "படிச்ச பிள்ள சொல்றதக் கேளுங்க. நீங்க போயிக் கோழிய எண்ணுங்க" என்றாள். மகள் சிரித்தாள். அப்போதே நானும் சிரித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

இரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்காகத் தறிகளை நிறுத்தினார்கள். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில்தான் நான் அதைச் சொன்னேன். கணக்கில் அவளை ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகு சொன்னது.

"எனக்கு அறுபத்தொம்பது ஆச்சு. இன்னொரு வருசம் நீ உக்காந்து படிக்கலாம். நான் உக்காந்து பாக்க முடியுமான்னு தெரியல."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி இரண்டாவது வரியை மேலே நகர்த்தினாள். ஒரே நகர்த்தல். பூட்டுவதற்கு மூன்று தடவை கேட்டது, மூன்று தடவையும் சரி என்று அழுத்தினாள். தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. ஏழு தறி. எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்தபோது அவளுக்கு மயக்கவியல் என்று இருந்தது. "கெடச்சிருச்சு" என்றாள். நான் விடாமல் அந்தப் பட்டியலைக் கீழே இறக்கிக்கொண்டே போனேன். நாற்பது வருடப் பழக்கம். ஒரு பட்டியலைப் பாதியில் விட எனக்குத் தெரியாது. அவள் பெயருக்கு நான்கு பெயர் தள்ளி, அந்தக் கல்லூரி, அந்தக் குழந்தை மருத்துவம். இந்த வருடம் என்ன காரணத்தாலோ கொஞ்சம் கீழே வரை இறங்கி வந்திருக்கிறது. மறுபடி எண்ணினேன். நான்குதான். அவள் முதல் வரியை அப்படியே விட்டிருந்தால் அந்த இடம் அவளுக்குத்தான். அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், தனக்குப் பிடித்ததை முதலில் எழுதி, வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

என் தோளுக்குப் பின்னால் நின்று மகளும் பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"விடுங்கப்பா" என்றாள். "ரெண்டாவது சுத்துல பாத்துக்கலாம்."

கிடைத்த இடத்தில் சேர்ந்துவிட்டு, இரண்டாவது சுற்றில் வேறு இடம் காலியானால் மாறிக்கொள்ளலாம் என்பது விதி. அவள் போய்ச் சேர்ந்தாள். இரண்டாவது பட்டியலில் அந்தக் குழந்தை மருத்துவத்தை மட்டும், ஒற்றை வரியாக எழுதினாள். இந்தத் தடவை நான் அந்த அறைக்குள்ளேயே போகவில்லை. ஆனால் அங்கிருந்து நான்கு பேரில் ஒருவராவது வெளியேற வேண்டும். அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? பத்தொன்பது நாள் காத்திருந்தோம். வேறொருவர் வீட்டில் எடுக்கும் முடிவுக்காகச் செல்லூரில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதினோராவது நாள் என்னால் முடியவில்லை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். மனைவியிடம் பென்ஷன் விஷயம் என்று பொய் சொன்னேன். அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், துறையின் அறிவிப்புப் பலகையில் புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர்களைப் பார்த்தேன். நான்கு பெயர். நான்கும் இருந்தன. அந்தப் பெண்ணின் பெயரும் இருந்தது. அவளைப் பார்த்து என்ன கேட்கப் போகிறேன்? நீ போய்விடுவாயா அம்மா என்றா? எந்த வாயால் கேட்பது? கேட்டாலும் அவள் ஏன் போக வேண்டும்?

வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வெள்ளை அங்கி போட்ட பெண் ஒருத்தி, காய்ச்சல் பிள்ளை ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு வேகமாக வந்தாள். அங்கியில் குத்தியிருந்த அட்டையில் அந்தப் பெயர். தலை சரியாக வாரியிருக்கவில்லை. என்னைக் கடந்து போனவள் நின்று திரும்பினாள்.

"யாரைப் பாக்கணுங்கய்யா? உங்க கொழந்தை எந்த பெட்?"

அட்டையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன்.

"கொழந்தை இங்க இல்லம்மா" என்றேன்.

"பேரு சொல்லுங்க, எங்க மாத்தியிருக்காங்கன்னு பாத்துச் சொல்றேன்" என்றாள். அவ்வளவு வேலைக்கு நடுவிலும் உண்மையாகவே தேடித் தரத் தயாராக நின்றாள். தோளில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்று அந்த வார்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது பட்டியலிலும் அந்த நான்கு பேரும் அப்படியே இருந்தார்கள். யாரும் வெளியேறவில்லை. நல்ல துறை. ஏன் வெளியேற வேண்டும்? கேண்டீன் பையன் அன்றே சொன்னானே.

மேற்படிப்பு எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் சிலர் இப்போதும் தெரிந்தவர் மூலம் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மகள் எப்படிப் பட்டியல் எழுதினாள் என்று என்னிடம் கேட்கிறார்கள். முதலில் அங்கே போய்ச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டாம் வருடப் பிள்ளைகளோடு உட்கார் என்கிறேன். தப்புச் செய்தால் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேள். ஒரே கேள்வியை மூன்று பேரிடம் கேள். பிறகு, எது வேண்டுமோ அதை முதல் வரியில் எழுது. எழுதும்போது வீட்டில் பெரியவர்களை அறையை விட்டு வெளியே அனுப்பிவிடு. கடைசியில் சொன்னதற்கு மட்டும் எல்லோரும் சிரிக்கிறார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். போன வாரம் பேசும்போது, நான்கு வயதுப் பையன் ஒருவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன், அவனுக்கு இவள்தான் மயக்கம் கொடுத்தாள் என்றாள். முகமூடியை வைத்தால் பயப்படுகிறான் என்று, ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னாளாம்.

"எது வரைக்கும் எண்ணுனான்?" என்று கேட்டேன். வாயில் அதுதான் வந்தது.

"ஆறுப்பா. ஆறு சொல்லும்போதே தூங்கிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஆபரேஷன் முடிஞ்சு வார்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. முழிக்கிற வரைக்கும்தான் நம்மகிட்ட."

அதை அவள் எப்படிச் சொன்னாள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னது போல இருந்தது. உனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்று ஏழு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டால் பிடிச்சிருக்குப்பா என்றுதான் சொல்வாள். அன்று கையை நீட்டி வரியை நகர்த்தினாளே, அதே மாதிரி.

"சரிம்மா, சாப்டியா?" என்றேன்.

சாப்பிட்டேன் என்றாள்.