தோட்டத்தில போய் இருங்கோ

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது இருமினேன். கைக்குட்டையில் சுண்ணாம்புத் தூளோடு சிவப்பும் இருந்தது. நாடு மெர்டேக்காவுக்குக் (மலாய் மொழியில் சுதந்திரம்) காத்திருந்த காலம். டவுனில் காஜா பெராங் பகுதியில் குடியிருந்தேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர், முப்பத்தொரு வயது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். காசநோய் (நுரையீரலை அரிக்கும் தொற்று). வார்டில் இடமில்லை, தினமும் வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். "உங்களுக்குக் காத்து வேணும், மாஸ்டர். காலமை தோட்டத்தில போய் இருங்கோ" என்றார்.

எங்களுக்குத் தோட்டம் என்றால் ரப்பர்த் தோட்டம். நான் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவன். அதை மனைவி செல்லத்திடம்கூடச் சொன்னதில்லை. படித்து வெளியேறியவனை மறுபடி அங்கேயே போய் வாழச் சொல்கிறாரே என்று கொதித்தேன். விளக்கம் கேட்கவில்லை. ஊசிக்குப் போய்வந்த நேரம் போக, யார் கண்ணிலும் படாமல் சன்னல்களைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். செல்லம் கஞ்சியோடு வந்து உட்கார்ந்ததும், இரவில் படுத்ததும் அந்த அறையில்தான்.

மூன்றாம் மாதம் அவள் இருமினாள்.

"உங்களைத் தோட்டத்தில இருக்கச் சொன்னனான் எல்லோ?" என்றார் டாக்டர்.

"எந்த எஸ்டேட்ல, டாக்டர்?"

"எஸ்டேட்டோ? வீட்டுக்குப் பின்னால மரஞ்செடி நிக்கிற இடத்துக்கு உங்கட ஊரில என்ன பேர்?"

"கொல்லை," என்றாள் செல்லம்.

"அங்கதான். கதிரை போட்டு இருக்கிறது."

அவர் ஊரில் இருப்பது என்றால் உட்காருவது. செல்லம் இருமல் வரும்வரை சிரித்தாள்.

கொல்லையில் இரண்டு சாய்வு நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டோம். ஏழு வருடம் அந்த வீட்டில் இருந்தும் அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ரம்புத்தான் இலைகளைச் செவ்வெறும்புகள் இழுத்துப் பிடிக்க, ஒன்று தன் புழுக்குஞ்சின் வாயிலிருந்து வரும் நூலால் ஒட்டியது. வேலியோரம் நாங்கள் நடாத கறிவேப்பிலைக் கன்று. பழம் தின்ற கொண்டைக்குருவி போட்ட விதை. பப்பாளியில் பாதி அணிலுக்கு, பாதி எங்களுக்கு. மெர்டேக்கா ஊர்வலத்துக்கு நாங்கள் போகவில்லை. அன்று எலுமிச்சையில் தேன்சிட்டின் கடைசிக் குஞ்சு பறந்தது.

"தோட்டம்னதும் அவ்ளோ கோவம் ஏங்க?" என்று கேட்டாள். லயத்தில் பிறந்ததைச் சொன்னேன்.

"தெரியும். தூக்கத்துல மரம் மரமா எண்ணுவீங்க. டவுன்ல பொறந்தவரு எதை எண்ணுறாராம்? நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்."

நான் முழுதாகக் குணமானேன். அவளும் பிழைத்தாள், ஆனால் இடது நுரையீரல் சுருங்கிவிட்டது. அது நோய் செய்ததல்ல, என் வீம்பு செய்தது. டாக்டரின் ஒரு சொல் புரியாவிட்டால், கோபப்படுவதற்கு முன் திருப்பிக் கேளுங்கள்.

அடுத்த பகுதியான தெங்கேராவுக்கு நடக்கும்போது மூச்சு வாங்க அவள் நாலு இடத்தில் நிற்பாள். அவள் கேட்பதற்கு முன்பே நிற்கப் பழகினேன். அவள் போய்ப் பல வருடமாகிறது. எனக்கு மூச்சு வாங்குவதில்லை. ஆனாலும் அந்த நாலு இடங்களில் என் கால்கள் தாமாகவே நிற்கின்றன. ஒருவர் மூச்செடுக்கும் நேரம் கழித்துத்தான் நகர்கின்றன.