சாவியோடு கட்டிய டெஸ்டர்

பக்கத்துத் தோப்புக்காரருக்கு ஷாக் அடித்த பிறகு, மோட்டார் பெட்டியைத் தொடும் முன் அதில் கரண்ட் கசிகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். ஒருநாளும் டெஸ்டரின் விளக்கு எரியவில்லை, அலுத்துவிட்டது. டெஸ்டரை வீட்டிலேயே விட்டுப் போகத் தொடங்கினேன். என் மனைவி அதை மோட்டார் ரூம் சாவியோடு கட்டிவிட்டாள்.

ஒருநாள் நல்ல மழை. கரண்ட் வந்ததும் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ரூமுக்கு ஓடினேன்.

"ஏனுங்க, டெஸ்டர் வெச்சுப் பாத்துப்போட்டுத் தொடுங்க!" என்று பின்னாலேயே வந்தாள்.

"தெனமும் பாத்து என்னத்தக் கண்டோம் அம்மணி?"

"கையிலதான இருக்குதுங்க? வெச்சுப் பாத்தா கை தேஞ்சா போயிரும்?"

அவள் வாயை அடைக்கவே பெட்டியின் இரும்புக் கதவில் டெஸ்டரை வைத்தேன். விளக்கு எரிந்தது. என் இன்னொரு கை கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதைப் பின்னுக்கு இழுத்தேன்.

டெஸ்டர் வைப்பது இன்றும் எனக்கு அலுப்புத்தான். அவள் போட்ட முடிச்சை மட்டும் நான் அவிழ்ப்பதில்லை.