டாக்டர் ஊதக் கூடாது என்றார்

நாயனம் கேட்கிறவர்களுக்கு இரண்டு காது இருந்தால் போதும். வாசிக்கிறவனுக்கு உடம்பில் இருக்கிற அத்தனை உறுப்பும் வேண்டும், அதில் ஒன்று மாற்றி ஒன்று மக்கர் பண்ணிக்கொண்டே இருக்கும். கோயிலில் சங்கு ஊதுகிறவர்கள், பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறவர்கள், ஈர விறகோடும் ஊதுகுழலோடும் மல்லுக்கட்டுகிற தாய்மார்கள் எல்லோரும் என் கட்சி. நான் சொல்லப்போவதை நீங்கள் நம்புவீர்கள். மற்றவர்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

கன்னம்

நாற்பது வயதுக்குள் என் கன்னம் இரண்டும் பழைய சைக்கிள் டியூப் மாதிரி ஆகிவிட்டன. ஊதினால் உப்பும், விட்டால் தொங்கும். திருவண்ணாமலையில் எனக்குச் சவரம் செய்தவர் கோவிந்தன். எல்லோரிடமும் சொல்கிற மாதிரி என்னிடமும், "கன்னத்தைக் கொஞ்சம் உப்புங்கண்ணே" என்றார். நானும் தொழில் ஞாபகத்தில் முழு மூச்சைக் கொடுத்து உப்பினேன். கண் மூடிக்கொண்டது. காது முன்னால் வந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்த அடுத்த நாற்காலிக்காரர் பாதிச் சவரத்தோடு எழுந்து நின்றுவிட்டார்.

கோவிந்தன் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, கொஞ்சம் காத்தை எறக்குங்க. மீசை எங்க போச்சுன்னே தெரியல."

மூச்சு

எழுபதுகளின் கடைசி. அடி அண்ணாமலையில் மாரியம்மன் ஊர்வலம். ஆசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் காவி வேட்டியோடு எங்கள் பின்னாலேயே வந்தார். நான் மூச்சு விடுகிறேனா என்று உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். அவ்வளவு ஆசையாகப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியுமா? ஒரு ஸ்வரத்தைப் பிடித்தேன், விடவில்லை. பக்கத்து டீக்கடைக்காரர் டீயை ஆற்றி, கொடுத்து, குடித்தவர் போன பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற வரைக்கும் விடவில்லை. ஒரு எருமை ரோட்டைக் கடந்தது. எருமை வேகம் உங்களுக்குத் தெரியும்.

விட்டபோது உலகம் இருட்டிக்கொண்டு வந்து, அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளைக்காரர் ஓடிவந்து என் எதிரில் சம்மணம் போட்டு, கை கூப்பி, "சாமி… சமாதி?" என்றார். என்னோடு இருபது வருஷமாகத் தவில் வாசிக்கிற முனுசாமிதான் பதில் சொன்னான்: "சமாதி இல்ல தொரை, சமாளிப்பு."

வைத்தியம்

அன்றைக்குப் பிடித்தது இருமல். குனிந்தால் தலைசுற்றல், நிமிர்ந்தால் நெஞ்சுப் பிடிப்பு. என் மனைவி சரோஜா, வெளியூரிலிருந்து புதிதாக வந்து கிளினிக் திறந்திருந்த ஒரு டாக்டரிடம் என்னை இழுத்துப் போனாள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்குள் 'வாசிக்கிறேன்' என்போம். பெரிய மனிதர் முன்னால் நின்றால் அது கர்வமாகத் தெரியுமே என்று பணிவாக 'ஊதறேங்க' என்று வந்துவிடும்.

"என்ன பண்றீங்க?" என்றார் டாக்டர், நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டே.

"ஊதறேங்க."

"எத்தனை வருஷமா?"

"எட்டு வயசுலேர்ந்துங்க."

"எட்டு வயசா! வீட்ல அடிக்கலையா?"

"சரியா ஊதலன்னா எங்கப்பா பிரம்பாலயே அடிப்பாருங்க. எங்க தாத்தாவே பெரிய ஊதறவரு."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"காலைல கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். கல்யாணம்னா மூணு மணி நேரம், விடாம."

சரோஜா தன் பங்குக்கு, "ஒரு நாள் ஊதலன்னாலும் அவருக்குச் சோறு எறங்காதுங்க" என்றாள்.

"எங்க வச்சு ஊதுவீங்க?"

"கோயில்லதாங்க ஜாஸ்தி. சாமிக்கு நேரா நின்னுகிட்டு."

டாக்டர் குழாயைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இன்னியோட ஊதறதை நிறுத்தணும். இல்லன்னா நெஞ்சு தாங்காது. பத்து நாள் கழிச்சு வாங்க" என்றார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது மருந்து கொடுக்கிற பையனிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது: "ஊதறவங்களை எவ்வளவோ பாத்துட்டேன், சாமிக்கு நேரா நின்னு ஊதறவரை இப்பத்தான் பாக்கறேன்."

பத்து நாள்

சரோஜா நாயனத்தை உறையோடு எடுத்து அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அதோடு விட்டாளா? சூடான காபியை வாயருகே கொண்டுபோனால், "ஊதாதீங்க! டாக்டர் சொன்னாரில்ல" என்று பறித்துக்கொள்வாள். பத்து நாளும் ஆறின காபிதான். சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் அப்போது சிரிக்கவில்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது. தை மாதத்துக்கு ஆறு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தேன். கையிரண்டும் சும்மா இருக்காமல் துண்டு நுனியில் ஸ்வரம் போட்டுக்கொண்டிருக்கும். ராத்திரி பகலென்று இல்லாமல் நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

முனுசாமி தினமும் வந்து எதிரில் உட்காருவான். "நீ மட்டும் போய் வாசிச்சுட்டு வாடா" என்றேன் ஒரு நாள். அவனுக்கு வந்ததே கோபம். "தவிலை மட்டும் தூக்கிக்கினு போனா, தாலி கட்டறதுக்கு வந்தியா, தண்டோரா போட வந்தியான்னு கேப்பாங்கப்பா!"

மறுபடியும் டாக்டர்

பத்தாம் நாள் முனுசாமியும் கூட வந்தான், எனக்காகக் கெஞ்சிப் பார்க்கலாம் என்று.

"ஊதறதை விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேங்க. ஆனா என்னால இவன் பொழப்பும் போச்சு."

"ஏன், இவரும் ஊதுவாரா?"

"இல்லைங்க. நான் ஊதும்போது பக்கத்துல ஒக்காந்து இவன் அடிப்பான்."

டாக்டர் முனுசாமியைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. "கல்யாண வீட்லயா?"

"தாலி கட்டற நேரத்துலதாங்க பலமா அடிப்பான்."

"சே! பொண்ணு வீட்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்க?"

முனுசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னங்க நீங்க? கெட்டிமேளம், கெட்டிமேளம்னு கத்தி அடிக்கச் சொல்றதே அவங்கதாங்களே!"

டாக்டர் முனுசாமியை மேலும் கீழும் பார்த்தார். "மேளமா?" என்றார். என்னைப் பார்த்து, "அப்ப நீங்க ஊதறது… பீடி இல்ல?" என்றார். சரோஜா, "ஐயோ, அந்த நாத்தமே அவருக்கு ஆகாதுங்க" என்றாள். மனிதர் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் சட்டையைத் தூக்கச் சொன்னார். குடல் இறங்கிவிடாமல் இருக்க நான் வாசிக்காத நாளிலும் பழக்கத்தில் தொப்புளுக்குமேல் இறுக்கிக் கட்டுகிற துணிப்பட்டியைப் பார்த்தார். கண்டிப்பாகத்தான் பேசினார்: பட்டியைத் தளர்த்து, வெறும் வயிற்றில் வாசிக்காதே, எவனையும் அசத்துவதற்காக மூச்சை அடக்காதே. நுரையீரல் கல்லு மாதிரி இருக்கிறதாம். இருமல் வெறும் சளியாம். பத்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் எழுந்து வெளியே போனது எனக்கே தெரிந்தது.

நன்றி சொல்ல முனுசாமி மேஜைமேல் சாய்ந்து கை கூப்பினான். டாக்டர் மூக்கைச் சுளித்தார். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, தாராளமா ஊதுங்க" என்றார் என்னிடம். "ஆனா இவரை இங்கயே விட்டுட்டுப் போங்க. இவரு ரெண்டும் அடிக்கறாரு."

அதற்கப்புறம் எந்த வைத்தியர் எதை நிறுத்தச் சொன்னாலும், "எதைங்க?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்ட பிறகுதான் நிறுத்துவதா வேண்டாமா என்றே யோசிக்க ஆரம்பிக்கிறேன்.